மீண்டும் ஒரு புலிப்படம் எதற்கு?

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்திவரும் கானுயிர் ஒளிப்படப் போட்டி உலகப் புகழ் பெற்றது. 1965ஆம் ஆண்டு ஓர் இதழின் முயற்சியால் அது தொடங்கப்பெற்றபோது வந்து சேர்ந்த படங்கள் 361. 2024ஆம் ஆண்டுப் போட்டிக்கு வந்தவையோ 59,228. ஒரு போட்டிக்கே இத்தனை என்றால், உலகெங்கும் ஓராண்டில் எடுக்கப்பெறும் கானுயிர்ப் படங்களைக் கணக்கிடுவது இயலாத செயல். அவற்றுள் மிகப் பல ஒன்றையொன்று ஒத்திருப்பவை என்பதிலும் ஐயமில்லை. புலி நீர்நிலையில் குனிந்து நீர் பருகும். யானை புழுதியை வாரித் தன் முதுகில் இறைத்துக்கொள்ளும். மீன்கொத்தி அலகில் மீனோடு கொம்பில் அமர்ந்திருக்கும். ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை காணும்போது புதுமை தோன்றுவதில்லை.

அவ்வாறாயின், இதற்கு மேலும் ஒருவர் வைகறையில் எழுந்து, இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியைச் சுமந்து, காடு சென்று காத்துக் கிடந்து, பிறர் எடுத்த அதே படத்தைத் தாமும் எடுத்து வருவது எதற்கு? மாணவர் இவ்வினாவை விளையாட்டாகக் கேட்பர். பொருளின் அருமையும் காலத்தின் அருமையும் அறிந்த பெரியோர் சற்றுக் கடுமையாகவே கேட்பர். வீண்செலவு கூடாது என்னும் நல்லெண்ணத்தில் பிறக்கும் வினா ஆதலின், அதனை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. 'அவரவர் விருப்பம்' என்று ஒரு சொல்லில் விடையிறுத்துத் தப்பித்துக்கொள்வதும் முறையன்று.

இவ்வினாவுக்குள் ஒரு கருத்து மறைந்து கிடக்கிறது. புலி என்பது ஒரே பொருள். அதன் உருவம் ஒருமுறை பதிவாகிவிட்டால் போதும் என்பதே அது. தாஜ்மகாலுக்கு அக்கருத்து ஓரளவு பொருந்தலாம்; புலிக்குப் பொருந்தாது. காட்டில் பொதுவான புலி என்று ஒன்று இல்லை. இந்தப் புலி, அந்தப் புலி என்றுதான் உண்டு. மந்தையில் உள்ள ஆடுகள் எல்லாம் வழிப்போக்கனுக்கு ஒன்றே. மேய்ப்பவனுக்கு ஒவ்வொன்றும் வேறு. நம் கண் வழிப்போக்கன் கண்ணாக இருப்பதனாலேயே இப்படங்கள் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

துப்பாக்கியும் கருவியும்

கானுயிர் ஒளிப்படக் கலை வேட்டையின் வயிற்றில் பிறந்தது. அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் ஷைராஸ் முன்னர் வேட்டைக்காரர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மிச்சிகன் மாநிலத்து ஏரிகளில் இரவில் படகில் சென்று, விளக்கொளியில் மயங்கி நிற்கும் மானைச் சுடுவது அவர் அறிந்த முறை. பின்னர் அதே படகில், அதே இருளில், துப்பாக்கி இருந்த இடத்தில் ஒளிப்படக் கருவியை வைத்தார். அவர் எடுத்த 74 படங்களை 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் வெளியிட்டது.

இந்தியாவில் இவ்வழியே வந்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அலுவலர். ஐக்கிய மாகாணம் என்று அந்நாளில் வழங்கிய பகுதியின் மலையடிவாரக் காடுகளில் பணியாற்றியவர். புலி நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார். புலியின் கால் அதில் பட்டதும் மக்னீசியத் தூள் பளிச்சிட்டுக் கருவி இயங்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது எனலாம். 1927இல் அவர் வெளியிட்ட நூல், வேட்டையில் திளைத்திருந்த ஆங்கிலேயர் பலரையும் சிந்திக்க வைத்தது.

நம் மொழியும் இப்பிறப்பைக் காட்டிக்கொடுப்பது கருதத்தக்கது. ஓவியத்தை நாம் வரைகிறோம், தீட்டுகிறோம். ஒளிப்படத்தை மட்டும் 'பிடிக்கிறோம்'. மானைப் பிடிப்பது போலவும் மீனைப் பிடிப்பது போலவும்! ஆயின் அச்சொல்லுக்கே விரும்புதல் என்னும் பொருளும் உண்டல்லவா? இரண்டும் கலந்ததே இக்கலைஞர் மனம்.

வேட்டை நாளில் எடுக்கப்பெற்ற படங்களையும் இங்கு நினைத்தல் தகும். வீழ்ந்து கிடக்கும் விலங்கின் அருகில் துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்கும் மனிதர். அதே நிலை, அதே பெருமிதம். இன்றைய படங்கள் ஒன்றுபோல் உள்ளன என்று சலித்துக்கொள்வோர், அன்றைய படங்கள் அவற்றினும் ஒன்றுபோல் இருந்தன என்பதை மறந்துவிடுகின்றனர். 1947இல் கொரியா சமஸ்தானத்து மன்னர் ஒரே இரவில் சுட்டு வீழ்த்திய மூன்று சிறுத்தைப் புலிகளோடு நிற்கும் படம் ஒன்று உண்டு. சீட்டா எனப்படும் அவ்வினத்தின், இந்திய மண்ணில் உறுதிப்பட்ட கடைசிப் பதிவுகளுள் ஒன்றாக அது நின்றுவிட்டது. 1952இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பெற்றது.

வரியே பெயர்

சாம்பியன் தம் படங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்றை உணர்ந்தார். இரு புலிகளின் வரிகள் ஒன்றாய் இருப்பதில்லை. நம் கைரேகைபோல் ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. ஒரே புலியின் இடப்புறத்து வரியும் வலப்புறத்து வரியும்கூட வேறு. ஆகவே ஓரிடத்தில் எடுத்த படத்தில் உள்ள புலியை மற்றோரிடத்தில் மற்றொரு நாள் எடுத்த படத்தில் அடையாளம் காண முடியும். இதனைக் காண அவருக்கு ஒரு படம் போதவில்லை. ஒன்றுபோல் தோன்றும் பல படங்கள் வேண்டியிருந்தன.

இவ்வுண்மை முழுப்பயன் அளித்தது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தே. அதுவரை நம் நாட்டில் காலடித்தடத்தைக் கொண்டு புலிகளை எண்ணினர். ஈரமண்ணில் ஒரு தடமும் உலர்மண்ணில் ஒரு தடமுமாகப் பதியும் ஒரே புலி, இரண்டாகக் கணக்கில் ஏறுவதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்து நாகரகொளைக் காட்டில் உல்லாஸ் கரந்த் என்னும் அறிவியலாளர், தடங்களின் இருபுறமும் எதிரெதிரே தானியங்கிக் கருவிகளைப் பொருத்தினார். நடந்து செல்லும் புலியின் இரு பக்க வரிகளும் ஒரே நேரத்தில் பதிவாயின.

இதன் கணக்கு எளியது. ஆயினும் நம் வினாவுக்கு இதுவே நேர்விடை ஆதலின் சற்று நின்று காண்போம். ஒரு காட்டில் முதற்சுற்றில் எடுத்த படங்களில் 20 வெவ்வேறு புலிகள் அடையாளம் காணப்பட்டன என்று கொள்வோம். சில நாள் கழித்து இரண்டாம் சுற்று. அதிலும் 20 புலிகள். ஆனால் அவற்றுள் 10 புலிகள் முன்னரே படத்தில் வந்தவை. அதாவது, இரண்டாம் சுற்றில் சிக்கியவற்றுள் பாதியே முதற்சுற்றிலும் சிக்கியவை. ஆகவே முதற்சுற்று அக்காட்டின் புலிகளுள் ஏறத்தாழப் பாதியையே காட்டியிருத்தல் வேண்டும். மொத்தம் 40 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. உண்மையில் அறிவியலாளர் இதனினும் நுட்பமான கணிதத்தைக் கையாள்வர், அடிப்படை இதுவே. இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு முழுவதையும் தாங்கி நிற்பது எது என்பது. 'இந்தப் புலியைத்தான் முன்பே எடுத்தாயிற்றே' என்று நாம் ஒதுக்கக்கூடிய அந்தப் பத்துப் படங்கள்தாம் அதனைத் தாங்குகின்றன. எல்லாப் படங்களும் புதியனவாகவே இருந்தால் காட்டில் எத்தனை புலி என்று எவரும் கூற இயலாது.

2018ஆம் ஆண்டு நாடு தழுவிய புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பெற்றன. எடுத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் புலி இருந்தவை 76,651. அவற்றிலிருந்து அடையாளம் காணப்பட்ட தனிப்புலிகள், குட்டிகள் நீங்கலாக, 2,461. ஒரு புலிக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் என்று ஆகிறது. அம்முப்பதும் மிகை என்று கூறுவார் உளரோ?

'அவை பொறி எடுத்த படங்கள். மனிதர் எடுப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். இராஜஸ்தானத்து ரணதம்போர்க் காட்டில் மச்லி என்ற பெண்புலி வாழ்ந்தது. கன்னத்தில் மீன் வடிவில் ஓர் அடையாளம் இருந்தமையால் வந்த பெயர் அது. உலகிலேயே மிகுதியாகப் படம் எடுக்கப்பெற்ற புலி என்று அதனைக் கூறுவர். காண வந்தோர் அனைவரும் ஏரிக்கரையில் அதனை எடுத்த படம் ஏறக்குறைய ஒன்றே. அப்படங்களின் தொடரிலிருந்துதான் ஒரு காட்டுப்புலியின் முழு வாழ்வும் தெரியவந்தது: எந்த ஏரியைத் தன் எல்லையாகக் கொண்டது, எப்போது குட்டிகளை ஈன்றது, அவ்வெல்லையை எந்த மகளிடம் இழந்தது, முதுமையில் கோரைப்பற்கள் போன பின்னும் எவ்வாறு வாழ்ந்தது என்பன எல்லாம். 2016 ஆகஸ்டில் அது இறந்தபோது அகவை ஏறத்தாழ 19. காட்டில் இத்துணை ஆண்டு வாழ்தல் அரிது.

அதே ரணதம்போரில் ஆண்புலி பற்றிய பழைய எண்ணமும் மாறியது. ஆண்புலி குட்டிகளைக் கொல்லும், ஆகவே தாய் அதனை அண்டவிடாது என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. 1980களில் பத்தே சிங் ரத்தோரும் வால்மிக் தாப்பரும் நாள்தோறும் பார்த்தும் படமெடுத்தும் வந்தபோது, தந்தைப்புலி குடும்பத்தோடு அமைதியாக இருக்கும் காட்சிகள் கிடைத்தன. 2011இல் தாயை இழந்த இரு பெண்குட்டிகளை டி-25 என்று குறிக்கப்பெற்ற ஆண்புலி உடனிருந்து காத்தது. அதுவும் படத்தில் பதிவாயிற்று. நூறு நாள் ஒரே காட்சியை எடுத்தவர்க்குத்தான் நூற்றோராம் நாள் வேறுபடுவது தெரியும்.

இரு கடல், ஒரு வால்

கூன்முதுகுத் திமிங்கிலம் நீரில் மூழ்குமுன் தன் வாலை உயர்த்தும். படகில் உள்ளோர் அனைவரும் அந்நொடியில் கருவியை அழுத்துவர். சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களுள் இதனினும் சலிப்பூட்டும் ஒன்றை நினைப்பது கடினம். ஆயின் வாலின் அடிப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் வேறுபடும். 1970களிலிருந்தே அறிவியலாளர் வால்படங்களைத் தொகுத்து வந்தனர். 2015இல் தொடங்கப்பெற்ற 'ஹேப்பிவேல்' என்னும் தொகுப்பு பொதுமக்கள் எடுத்த படங்களையும் ஏற்று, கணிப்பொறியின் துணையால் ஒப்பிட்டு வருகிறது.

தென் அமெரிக்கக் கொலம்பியாவின் பசிபிக் கரையோரம் 2013இலும் 2017இலும் ஒரு திமிங்கிலத்தின் வால் படமெடுக்கப்பெற்றது. 2022இல் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் சான்சிபார் அருகே எடுக்கப்பெற்ற மற்றொரு படம் அதனோடு பொருந்தியது. 13,000 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவு! ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் இத்துணைத் தொலைவு இடம்பெயர்ந்ததை அதற்குமுன் எவரும் பதிவு செய்திலர். 2024 டிசம்பரில் இச்செய்தி ஆய்விதழில் வெளிவந்தது. கொலம்பியக் கடலில் நின்று கருவியை அழுத்தியவர்க்குத் தம் படத்தின் மறுபாதி ஒன்பது ஆண்டு கழித்து வேறோர் ஆழியில் எடுக்கப்பெறும் என்பது எவ்வாறு தெரிந்திருக்கும்?

மிகுதியாய் இருந்தவை

எங்கும் காணப்படும் உயிரைப் படமெடுக்க எவர்க்கும் தோன்றாது. வட அமெரிக்காவில் பயணிப்புறா வானத்தை மறைத்துக்கொண்டு பறந்தது என்பர். 1914 செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் கடைசிப் புறா இறந்தது. உயிருள்ள அப்பறவையின் படங்களாக நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கூண்டில் வளர்ந்தவற்றின் படங்களே.

நம் நாட்டில் பாறு என்று இலக்கியம் கூறும் பிணந்தின்னிக் கழுகுகளின் நிலையும் இத்தகையதே. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடலிலிருந்து பாறுகளின் சிறுநீரகத்தைத் தாக்கியது. காரணம் 2004இல்தான் உறுதிப்பட்டது. 2006இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பெற்றது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் தொகை 99.9 விழுக்காடு வீழ்ந்துவிட்டது. தமிழகத்தில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை வாழ்கின்றன. ஊர்ப்புறங்களில் அவை மொய்த்திருந்த நாளில் தேதியிட்டு எடுத்த படங்கள் மிகுதியாக இருந்திருப்பின், வீழ்ச்சி எங்கே எப்போது தொடங்கியது என்று அறிவது எளிதாக இருந்திருக்கும்.

திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிப்பொழுதில் இரு கழுகுகள் வந்து உணவு கொள்ளும் காட்சி அனைவரும் அறிந்தது. அவை மஞ்சள்முகப் பாறுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அக்காட்சியைப் பலரும் படமெடுத்துள்ளனர். எல்லாம் ஒரே படம்போலவே இருக்கும். 1990களின் பிற்பகுதியோடு அவற்றின் வரவு நின்றது. இன்று அப்படத்தை எவராலும் எடுக்க முடியாது.

மறுபக்கம்

இவ்வளவும் கூறியதனால் எடுக்கும் படம் எல்லாம் பயனுடையது என்று கொள்ளலாகாது. ஒரு புலியை இருபது வண்டிகள் வளைத்து நிற்கின்றன. கூட்டை மறைத்த இலைகளை ஒடித்துவிட்டுக் குஞ்சைப் படமெடுப்போர் உளர். அவர் சென்ற பின் காகத்துக்கு அக்கூடு எளிதில் கிட்டிவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்போரும் உளர். முன் கூறிய இலண்டன் போட்டியிலேயே, 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம் பழக்கப்பட்ட ஓநாயை வைத்து எடுத்ததாகக் கருதப்பட்டு நீக்கப்பெற்றது. 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படத்தில் இருந்தது பஞ்சடைத்த விலங்கு என்று நடுவர் முடிவு செய்து அதனையும் நீக்கினர். புதுமை வேண்டும், பிறர் எடுக்காததை எடுக்க வேண்டும் என்னும் வெறியே இவற்றுக்குக் காரணம் என்பது என் கருத்து. 'ஏற்கெனவே உள்ள படம்தானே' என்னும் ஏளனமும் இவ்வெறிக்கு ஒருவகையில் எண்ணெய் வார்க்கிறது.

நாளும் இடமும் குறிக்கப்படாத படம் பாதிப் படம். ஆனால் இடத்தை ஊரறியக் கூறிவிட்டால் கள்ளவேட்டையாளர்க்கும் அது வழிகாட்டும். இதனால்தான் 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற தொகுப்புகளில் அருகிவரும் உயிரினங்களின் இடம் பொதுமக்கள் பார்வைக்குத் துல்லியமாகக் காட்டப்படுவதில்லை. இன்று கணிப்பொறியே, எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு புலியை உயிரோவியமாக ஆக்கித் தந்துவிடுகிறது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் வரியை எந்தப் படத்தோடும் ஒப்பிட முடியாது.

பத்தும் ஒன்றல்ல

தமிழ் பயில்வோர்க்கு இத்தகைய மீள்நோக்கு புதிதன்று. ஐங்குறுநூற்றில் கபிலர் காட்டுப்பன்றிக்கு ஒரு பத்து, குரங்குக்கு ஒரு பத்து, கிளிக்கு ஒரு பத்து, மயிலுக்கு ஒரு பத்து என வகுத்துப் பாடினார். அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாடலும் ஒரே அடியில் தொடங்கும். ஒரு குருகுக்குப் பத்துப் பாட்டா என்று நாம் கேட்பதில்லை. பத்தையும் படித்து வேறுபாடு காண்கிறோம்.

'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) இக்கண்ணோடு காட்டைப் பார்த்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதினார், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிவரை ஒரு பத்தியை எழுதிவந்தார், ஓவியமும் அறிந்தவர். வண்ணப்படங்கள் பெருகிய பின்னும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். யானைகளை அவர் எத்துணை முறை எடுத்தார் என்று எண்ணுதல் அரிது. 1968இல் நேரு நினைவு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. படம் அவருக்குக் குறிப்பேட்டின் ஒரு பக்கம். எழுத்தில் ஐயம் தோன்றினால் படம் தீர்க்கும். படத்தில் விளங்காததை எழுத்து விளக்கும்.

அத்தகைய பழைய படங்களில் யானையைச் சுற்றியுள்ளவற்றையும் காண வேண்டும். பின்னணியில் புல் எவ்வளவு உயரம், எந்த மரங்கள் நிற்கின்றன, தரை எவ்வளவு தெரிகிறது என்பன எல்லாம் பதிவாகியிருக்கும். எடுத்தவர் அவற்றை நோக்கமாகக் கொண்டிருக்கமாட்டார். இன்று முதுமலையின் பல பகுதிகளில் உண்ணிச்செடி புதராய் மண்டி, யானை மேயும் புல்லை நெருக்குகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் படமெடுத்த அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி, புல்வெளியில் நிற்கும் யானையை இன்று ஒருவர் எடுப்பாராயின், இரு படங்களையும் அருகருகே வைத்துப் புல் இருந்த இடம் எது, புதர் வந்த இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.